ஐலண்ட் அன்ரி

எனக்கு அவவைப் பிடிக்காது. முதலே சொல்லிப்போடுறன், பிறகு ஒருத்தரும் நான் மனசுக்குள்ள ஒண்டை வச்சுக்கொண்டு வெளியில ஒண்டு கதைக்கிறன் எண்டு சொல்லக்கூடாது. செத்தவையைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது எண்டுவினம். அவ சாகேல்லை. குயின்ஸ்லாந்துப் பக்கம் கடற்கரையோட வீடு வாங்கிக்கொண்டு போட்டா, நல்லா இருக்கிறா, சுகர் கூடக் குறைஞ்சிட்டுதாம். அப்ப நான் தாராளமாச் சொல்லலாம். பேர் மட்டும் சொல்லமாட்டன், சொன்னால் வீட்டுக்குள்ள கரைச்சல். நானும் என்ர மனுசனும் எங்களுக்குள்ள அவவுக்கு வச்ச பேர் ஐலண்ட் அன்ரி.

அவவோட வெளியில சாப்பிடப் போறதெண்டால் உங்களுக்கு வாய் மட்டும் இருந்தாக் காணும், கண் தேவையில்லை. கதிரையில குந்த முதலே எல்லாற்றை மெனுக் கார்ட்டையும் வாங்கித் தன்ர மடியில வச்சிடுவா. "உங்களுக்கு விளங்காது, நான் சொல்லுறன்" எண்டுவா. வந்தவர் டொக்டரா இருந்தாலும் விளங்காது, கணக்காளரா இருந்தாலும் விளங்காது. லண்டனில இருந்து வந்தாலென்ன, கனடாவில இருந்து வந்தாலென்ன, மெல்பேர்ணுக்கு ஆர் விசிட்டர் வந்தாலும் முதல் சனிக்கிழமை அவவின்ர காரில ஏத்தி ஓக்லிக்குக் கொண்டுபோவா. அங்க ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக்கடை. அதுக்குள்ள போனால் அவவின்ர நடையே மாறிப்போகும். ஏதோ பாட்டன் பூட்டன் கட்டின கடை மாதிரி.

ஏனெண்டால் அவ கிரேக்கத்துக்குப் போனவ. ஒருக்கா. ஒரேயொருக்கா, அங்கிளின்ர ரிரயர்மென்ற்றுக்கு, கப்பலில ஏறித் தீவு தீவா இறங்கிப் பாத்திட்டு வந்தவை. நாங்கள் சண்டைக்குள்ள எத்தினை தரம் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடித் திரிஞ்சம், அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. அவ அந்த ஒரு பயணத்தை வச்சு மிச்சச் சீவியத்தையே ஓட்டினவ. வாய் திறந்தால் "அங்க ஐலண்டில" எண்டுதான் தொடங்குவா. அங்க ஐலண்டில தக்காளி இப்பிடி இராது. அங்க ஐலண்டில ஒருத்தரும் அவசரப்பட்டுச் சாப்பிடுறேல்லை. அங்க ஐலண்டில மீனைத் தலையோட சாப்பிடுவினம். டாண்டினோங் சந்தையில நான் சூடை மீன் வாங்கேக்க, "உதென்ன, முள்ளை வாங்கிக்கொண்டு போறீர்" எண்டு பையை எட்டிப் பாத்துச் சிரிச்ச அதே மனுசி!

இப்ப நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறன் எண்டு கேப்பியள். அதுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். யாழ்ப்பாணத்துக்கு மேற்கால கடலுக்குள்ள கொஞ்சத் தீவுகள் கிடக்கு. அங்கத்தை ஆக்களைத் "தீவார்" எண்டு டவுன் பக்கத்துச் சனம் சொல்லேக்க, அந்தச் சொல்லுக்கை ஒரு மூக்குச் சுளிப்பு இருக்கும். தீவாருக்குப் பொம்பிளை குடுக்கிறதெண்டால் யோசிப்பினம். அதிலையும் கடைசித் தீவு நெடுந்தீவு. வள்ளம் ஏறிப் போகவேணும். கல்வேலி, பனை, குதிரை, உப்புத் தண்ணி. நான் அங்க பிறந்தனான். என்ர மனுசன் உரும்பிராய். கலியாணம் கட்டின பொம்பிளைக்குப் புருசன்ர ஊர்தான் ஊர் எண்டு இஞ்ச சனம் தாங்களாவே நினைச்சுக்கொள்ளும்.

ஒருக்காத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பெற்றோர் எல்லாரும் சாப்பாடு கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிட்டம். நான் கணவாய்க் கருவாட்டுக் குழம்பு வச்சுக்கொண்டு போனன். அவ உள்ளுக்கு வந்து சீலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆர், தீவார் வந்திட்டினமோ? மணக்குது" எண்டா. எல்லாரும் சிரிச்சினம்.

"நான்தான் அன்ரி. நான் நெடுந்தீவு" எண்டன்.

"சும்மா பகிடி விடாதையும். நீங்கள் உரும்பிராய் எல்லே?"

"அவர் உரும்பிராய். நான் நெடுந்தீவு."

காலில இருந்து தலை வரைக்கும் என்னைப் பாத்தா. பிறகு என்ர தோளில தட்டிக்கொண்டு, "உம்மைப் பாத்தால் அப்பிடிச் சொல்லேலாது பிள்ளை" எண்டா. ஏதோ எனக்கு ஒரு பரிசு தாறமாதிரி. அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பன். ஆனால் நான் வந்த புதுசில எனக்குச் சைல்ட்கெயாரில முதல் வேலை எடுத்துத் தந்தது அவதான். அதுவும் உண்மை. அவவை முழுசா வெறுக்கக்கூட விடாதவ, அதுதான் அவவில எனக்கு இன்னும் ஆத்திரம்.

கிரேக்கம் போட்டு வந்தவுடன ரோவிலில இருந்த தன்ர வீட்டுக்குக் கூப்பிட்டு ரீவியில படம் காட்டினா. வெள்ளை வீடுகள், நீலக் கதவுகள், கல்லு மதில், வெயிலில காஞ்ச வெறுந்தரை, ஆடு. வெள்ளையடிச்சு விட்டால் எங்கட ஊர்! பிறகு ஒரு படம் வந்துது. கடற்கரையில கயிறு கட்டி, அதில பேய்க்கணவாயளைக் காயப் போட்டிருக்கினம், எட்டுக் காலும் கீழ தொங்குது. அவ சோபாவை விட்டு எழும்பியே போட்டா.

"பாருங்கோ, என்ன வடிவு! சூரிய வெளிச்சத்தில காய விடுறது. ஒரு மருந்தில்லை, ஒண்டில்லை. அவ்வளவு இயற்கை!"

"கருவாடுதானே அன்ரி" எண்டன்.

"உமக்கு எதைக் கண்டாலும் கருவாடு!" எண்டு சொல்லிச் சிரிச்சா. இருந்த சனம் முழுக்கச் சிரிச்சுது. அங்கிள் மட்டும் சிரிக்கேல்லை. அந்தாள் பாவம், அந்த வீட்டில ரிமோட்டைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறதுதான் அவருக்குக் குடுத்த வேலை.

லண்டனில இருந்து அவவின்ர ஒண்டுவிட்ட தமையன் வந்த கதையையும் சொல்லவேணும். அவர் வெள்ளிக்கிழமையில மச்சம் மாமிசம் தொடாத ஆள், விபூதி இல்லாமல் வாசல் தாண்டாதவர். அவருக்குச் சனிக்கிழமை காலமை பிளைட். அதால வெள்ளிக்கிழமையே ஓக்லிக்குக் கொண்டுபோனா. வழக்கம்போல கார்ட்டெல்லாம் அவவின்ர மடியில. அந்தக் கடைக்காரி ஒரு வயசான கிரேக்க மனுசி, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிப்பா. அந்த மனுசி இவரின்ர நெத்தி விபூதியைப் பாத்திட்டு, தாங்களும் வெள்ளிக்கிழமை விரதம், இறைச்சி தொடுறேல்லை, உள்ளுக்கை பெரிய போஞ்சிக் கொட்டை போட்டு வச்ச ஒரு கறி இருக்கு, தரட்டோ எண்டு கேட்டா.

"வேண்டாம் வேண்டாம். டோல்மாடெஸ் கொண்டுவாங்கோ. அது இலைதானே" எண்டா எங்கட அன்ரி.

முந்திரிகை இலையில சுருட்டி வச்ச உருண்டை. மனுசன் நம்பி ஒண்டை வாய்க்குள்ள போட்டிட்டார். உள்ளுக்கை அரைச்ச இறைச்சி. வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடினவர் கன நேரம் வரேல்லை. கடைக்காரி தலையில கைவச்சுக்கொண்டு நிக்கிறா. எங்கட அன்ரி என்ன சொன்னவ தெரியுமோ? "அங்க ஐலண்டில வெள்ளி, செவ்வாய் எல்லாம் ஆர் பாக்கிறது?" விரதம் இருக்கிற கிரேக்க மனுசியை முன்னால வச்சுக்கொண்டு! பிறந்து வளந்தவளுக்கு அவளின்ர ஊரைப் பற்றிச் சொல்லிக் குடுக்கிறதுக்கு என்ன நெஞ்சழுத்தம் வேணும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. போனவரோ லண்டனுக்குப் போய்ச் சேருமட்டும் அவவோட முகம் குடுத்துக் கதைக்கேல்லையாம்.

நியாயமா ஒண்டையும் சொல்லவேணும். எனக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்தநேரம் எனக்கு ஒரு உதவியும் இல்லை. மிளகு மல்லி அரைச்சுச் சரக்குத்தண்ணி வச்சுத்தர ஆளில்லாமல் நோபல் பார்க்கில ஒரு சின்ன யூனிற்றுக்குள்ள கிடந்தன். அவ ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தா. முட்டையும் தேசிக்காய்ப் புளியும் விட்ட கோழிச் சூப். "அங்க ஐலண்டில பிள்ளைப்பெறுகாரருக்கு இதுதான் குடுக்கிறது" எண்டு சொல்லி, நான் குடிச்சு முடிக்குமட்டும் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தா. குசினியில கிடந்த ஏதனம் எல்லாத்தையும் கழுவி வச்சிட்டுத்தான் போனா. சொல்லவே விருப்பமில்லை, அந்தச் சூப் நல்லா இருந்தது.

சரி. இனித்தான் விசயம்.

என்ர தம்பிக்கும் அவவின்ர மகளுக்கும் விருப்பம். ரெண்டு பேரும் ஒரே இடத்தில வேலை செய்தவை. அந்தப் பிள்ளை தங்கம். கேள்வி தமிழில கேட்டால் பதில் இங்கிலீசில வரும், ஆனால் முகத்தில ஒரு கள்ளமில்லை. தம்பி பொறுப்பானவன், இஞ்ச வந்து தானாப் படிச்சு மேல வந்தவன். அவனுக்கு அவளை விட்டால் வேற ஒருத்தியும் இல்லை, அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தாயின்ர சம்மதம் இல்லாமல் ஒண்டும் ஏலாது, அதுவும் எனக்குத் தெரியும். நாலு வருசமா ரெண்டும் காத்துக்கொண்டு இருந்ததுகள். ஊரில இருந்து அம்மா விசிட்டர் விசாவில வந்த நேரம் அங்கிள் எப்பிடியோ வாய் திறந்து கதைச்சிருக்கிறார் போல. கடைசியில அன்ரி போன் எடுத்து, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும். இருந்து கதைப்பம்" எண்டா. எங்க எண்டு கேக்கத் தேவையில்லை.

அம்மா தன்ர நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு வந்தா. கடைக்குள்ள கதிரை நுனியில குந்தினா, தம்பியும் அந்தப் பிள்ளையும் எதிரில. சாப்பாடு வரத் தொடங்கிச்சுது. எல்லாம் நடுவில, எல்லாரும் எடுத்துச் சாப்பிடவேணும், அதுதான் முறையாம். மஞ்சளாக் கடைஞ்ச ஒண்டு, மேல வெங்காயமும் எண்ணெயும்.

"பருப்பை நல்லாய்க் கடைஞ்சிருக்கினம்" எண்டா அம்மா.

"இது பருப்பில்லை அக்கா. ஃபாவா. ஐலண்ட் ஸ்பெஷல்."

"பருப்புத்தான்" எண்டார் அங்கிள், தட்டைப் பாத்துக்கொண்டு. அந்தாள் அண்டைக்குக் கதைச்ச முதல் சொல்லு அது.

பிறகு நெருப்பில வாட்டின பேய்க்கணவாய் வந்துது. அவ தானே வெட்டி அம்மாவின்ர தட்டில வச்சு, எப்பிடிச் சப்பவேணும், எப்பிடித் தேசிக்காய் பிழியவேணும் எண்டு பாடம் எடுத்தா. "பழக்கமில்லாட்டி முதல் கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருக்கும் அக்கா." அம்மா, "ஓம், ஓம்" எண்டு கேட்டுக்கொண்டு இருந்தா. எங்கட அப்பா கடலில பிடிச்சு வெட்டித் தாறதை அடுப்புச் சாம்பலுக்கை சுட்டுத் தின்ற மனுசி. எனக்கு உள்ளுக்கை பத்தி எரியுது.

முள்ளுக்கரண்டியைக் கீழ வைக்காமலே அவ கதைக்கத் தொடங்கினா.

"எனக்கு உங்கட மகனில ஒரு குறையும் இல்லை அக்கா. பிள்ளையள் விரும்பிட்டினம், செய்து வைப்பம். ஒரேயொரு விசயம். கலியாணக் கார்ட் அடிக்கேக்க ஊர் போடுறது வழக்கம்தானே. அதில யாழ்ப்பாணம் எண்டு மட்டும் போடுவம். நீங்கள் இடம்பெயர்ந்து வந்து டவுனிலதானே இருந்தனீங்கள், பொய்யில்லையே. வாறவை ஆரும் கேட்டாலும் அப்பிடியே சொல்லிவிடுங்கோ. எங்கட பகுதி ஆக்கள் கன பேர் வருவினம், பிறகு எனக்குத் தலை நிமித்தேலாது."

"மம்மி, ப்ளீஸ்! திஸ் இஸ் சோ ரூட்" எண்டு அந்தப் பிள்ளை கத்தினது. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு.

"நீ பேசாமல் இரு. உனக்கு இதுகள் விளங்காது."

எனக்கு அடக்க முடியேல்லை. "ஏன் அன்ரி, நெடுந்தீவு எண்டு அடிச்சால் கார்ட் கிழிஞ்சுபோமோ? கிரேக்கத்துத் தீவைத் தலையில தூக்கி வச்சுக்கொண்டு ஆடுறியள், எங்கட தீவு மட்டும் உங்களுக்கு மணக்குதோ?"

"அது வேற, இது வேற" எண்டா. கோவமே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னா. அதைத்தான் என்னால இண்டைக்கும் மன்னிக்கேலாது. கோவப்பட்டிருந்தால் கூடச் சண்டை பிடிச்சிருக்கலாம்.

தம்பி கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பிட்டான். "அம்மா, வாங்கோ, வீட்டை போவம்" எண்டான். அம்மா அவன்ர கையைப் பிடிச்சு இருத்தினா.

"இரடா. போடவேண்டாம் எண்டால் போடவேண்டாம். உங்கள் ரெண்டு பேற்றை பேரும் இருந்தாக் காணும். என்ர ஊரை வச்சு உன்ர சீவியத்தைக் குழப்பாதை." பிறகு அன்ரியைப் பாத்து, "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீங்கள் பயப்பிடாதேங்கோ" எண்டா.

"அதுதானே! பெரியாக்கள் எண்டால் பெரியாக்கள்தான்" எண்டு சந்தோசமாச் சொல்லி, சீனிப்பாணி ஊத்தின ஒரு கேக்குக்கு ஓடர் குடுத்தா நம்மட ஐலண்ட் அன்ரி. நான் வாயில வைக்கேல்லை.

வீட்டை வந்து தம்பி அம்மாவோட சண்டை பிடிச்சான். இந்தக் கலியாணமே வேண்டாம் எண்டான். அம்மா ஒரே பிடி. "அந்தப் பிள்ளை அழுததைக் கண்டனியே? அவளுக்காக." கார்ட் அடிச்சு வந்துது. அவையின்ர பக்கத்தில ஊர், குறிச்சி, கோயிலடி எல்லாம் விளக்கமாக் கிடக்கு. எங்கட பக்கத்தில யாழ்ப்பாணம் எண்டு ஒத்தைச் சொல்லு.

கோயிலில தாலி கட்டி, மறு கிழமை மத்தியானம் ஹோலில ரிசப்ஷன். எல்லாம் அன்ரியின்ர பொறுப்பு. வாசலில காலடி வச்ச உடன எனக்கு விசர் வந்துது. ஐலண்ட் தீமாம்! மேசை விரிப்பு வெள்ளை, பலூன் நீலம், மேடைக்குப் பின்னால சுவரளவுக்கு வெள்ளை வீடுகளின்ர படம். சுவரெல்லாம் மீன்வலை தொங்குது, மூலையில மரத்தில செய்த வள்ளம் ஒண்டு, சோடி சோடியா ஆக்கள் அதுக்கை ஏறி இருந்து படம் எடுக்கினம். மேசையளுக்கு இலக்கம் இல்லை. பாரோஸ், நக்சோஸ், மிலோஸ் எண்டு தீவுகளின்ர பேர். எங்களுக்குச் சன்டோரினி. எனக்குத் தெரிஞ்சு அந்த ஹோலுக்குள்ள கன காலம் வள்ளம் ஏறித் தீவுக்குப் போய் வந்து சீவிச்ச ஒரே மனுசி என்ர அம்மா, அவவை அதைச் சொல்லாதை எண்டு வாயைக் கட்டி அந்த நீலப் பலூனுக்குக் கீழ இருத்தி வச்சிருக்கு.

அம்மா வலையை ஒருக்காத் தொட்டுப் பாத்திட்டு வந்து குந்தினா. மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் பாத்துச் சிரிச்சுக்கொண்டே இருந்தா. உண்மையாவே சந்தோசம் அவவுக்கு. தம்பியின்ர முகத்தில அப்பிடி ஒரு வெளிச்சத்தை நானும் அதுக்கு முதல் கண்டதில்லை. அந்தச் சந்தோசத்தைப் பாத்து நானும் கொஞ்சம் ஆறினன். சரி, போகட்டும், அதுகள் நல்லா இருந்தாக் காணும் எண்டு நினைச்சன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அன்ரி விருந்தாளியள் ஆரையோ கூட்டிக்கொண்டு எங்கட மேசையடிக்கு வந்து, "இவதான் மாப்பிள்ளையின்ர தாயார், யாழ்ப்பாணம்" எண்டு அறிமுகப்படுத்திக்கொண்டு நிண்டா. அந்த நேரம் பக்கத்து மேசையில இருந்து ஒரு வயசாளி எழும்பி வந்தார். அங்கிளோட முந்தி வேலை செய்தவராம். கொஞ்ச நேரமா அம்மா என்னோட கதைக்கிறதைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு இருந்த ஆள். வந்து அம்மாவுக்கு முன்னால கொஞ்சம் குனிஞ்சு நிண்டார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. நீங்கள் நெடுந்தீவோ?"

அம்மா நிமிந்து பாத்தா. அவருக்குப் பின்னால அன்ரி நிக்கிறா, சிரிச்ச முகம் சிரிச்சபடி. மேடையில தம்பியும் அந்தப் பிள்ளையும் கேக் வெட்டுகினம்.

"இல்லை. நாங்கள் யாழ்ப்பாணம்" எண்டா அம்மா.

"அப்பிடியோ" எண்டார் மனுசன். முகம் அப்பிடியே விழுந்துபோச்சு. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. உங்கட கதையைக் கேக்க எங்கட ஊர்க் கதை மாதிரியே கிடந்துது. நான் அந்த ஊர். ஊர் ஆக்களைக் காணுறது குறைவு. அதுதான் ஒரு ஆசையில கேட்டிட்டன்."

"அதுக்கென்ன" எண்டா அம்மா.

அவர் திரும்பித் தன்ர மேசைக்குப் போட்டார். அன்ரி அம்மாவின்ர தோளில மெதுவாத் தட்டிப்போட்டு, விருந்தாளியளைக் கூட்டிக்கொண்டு அங்கால நடந்தா. நான் ஏதும் சொன்னால் தம்பியின்ர நாள் கெட்டுப்போகும்.

அம்மா கொஞ்ச நேரம் அந்தாள் குந்தின மேசையையே பாத்துக்கொண்டு இருந்தா. பிறகு என்ர காதடியில குனிஞ்சா.

"பிள்ளை, அவர் ஆரின்ர மகன் எண்டு போய்க் கேட்டுக்கொண்டு வா. நான் கேட்டதெண்டு சொல்லிப்போடாதை."